பதிஞ்சாச்சு என்று சொன்ன பெயர்

பதிவு செய்யாத ஒரு பெயரைப் பதிவு செய்துவிட்டதாக ஒருவரிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை மறைக்க, பழியை இன்னொருவர் மேல் விழ விட்டேன். இரண்டாவதுக்கு நான் யார் பெயரையும் சொல்லக்கூட இல்லை. கணினித் திரையை முதலாமவர் பக்கம் திருப்பி வைத்தேன், அவ்வளவுதான். அவர்கள் இருவரும் பங்காளிகள். மூன்று வருடம் அவர்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்ததற்கு, அருப்புக்கோட்டையில் இணையதளம் செய்து பிழைத்த நான்தான் காரணம்.

"சொந்த வலைத்தளத்துக்குப் பெயரும் தொழில்நுட்பமும் எப்படித் தேர்ந்தெடுக்கிறது, புதுசா வர்றவங்களுக்கு எழுதிக் குடுங்க சார்" என்று நீங்கள் மூவரும் கேட்டபோது இப்படி ஒரு தொடக்கத்தை எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் பெரிய கட்டுரையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் எழுதிப் படித்துப் பார்த்தால் யோக்கியன் எழுதியது மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன்.

கடையை உங்களிடம் ஒப்படைத்த பிறகும் நான் வந்து மூலையில் உட்கார்ந்திருப்பது உங்களுக்குத் தொந்தரவு என்று தெரியும். எனக்கு அது பொழுதுபோக்கு. தளம் கட்ட எந்த ஃபிரேம்வொர்க் உசத்தி என்று நீங்கள் சண்டை போட்டுச் சாப்பாட்டை ஆற விடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். உங்கள் மூவருக்கும் சேர்த்து ஒரு சொந்தத் தளம் தொடங்கினீர்களே, அதில் 'விரைவில்' என்ற ஒரே சொல்தான் இன்னும் இருக்கிறது. எழுத்து வடிவம் மிக நன்றாக இருக்கிறது. நிழல்கூட விழுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வெல்டரின் நினைவு வரும்.

அவர் பெயர் கருப்பசாமி. பரளச்சிக்காரர். வளைகுடாவில் சில வருடம் குழாய்களுக்கு வெல்டிங் செய்துவிட்டு ஊர் திரும்பி, பாளையம்பட்டியில் கிரில் பட்டறை போட்டிருந்தார். பட்டறை வேலைக்கு நடுவே படித்து, வெல்டிங்கைச் சோதித்துச் சான்று தரும் இன்ஸ்பெக்டர் தேர்வுகளை எழுதித் தேறியிருந்தார். மறுபடி போனால் முகமூடி மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்காமல், மற்றவர் செய்த வேலையைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் ஆளாகப் போக வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒரு கம்பெனி ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. நாற்பது வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். இவருக்கு முப்பத்தொன்பது முடியப் போகிறது. தன் சான்றிதழ்களையும், பற்றவைத்த குழாய்களின் படங்களையும் ஒரே இடத்தில் காட்ட ஒரு தளம் வேண்டும் என்று ஒரு பிளாஸ்டிக் கோப்புடன் வந்து உட்கார்ந்தார்.

"என்ன பேரு வைக்கலாம்?" என்றேன்.

"ஊர்ல என்னைய யாரும் முழுப் பேரச் சொல்ல மாட்டாக சார். வெல்டர் கருப்புன்னாத்தான் தெரியும். அதையே வச்சிருவமா?"

நான் சிரித்தேன். எம்.ஏ. படித்தவன் சிரிப்பு. "வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க பாக்குறது. பட்டப்பேரு எல்லாம் மரியாதையா இருக்காது. பாஸ்போர்ட்ல இருக்கிற பேர, இனிஷியலோட வைப்போம்."

"அந்தப் பேரச் சொல்லி ஒரு கல்ல விட்டெறிஞ்சா எங்க ஊர்ல நாலு பேரு மேல விழுகும் சார். எங்க வகையறாவுல மூத்த பிள்ளைன்னாலே சாமி பேருதான், கருப்பசாமி இல்லாட்டி முனியசாமி. இனிஷியலுங்கூட ஒண்ணுதான். எங்க அய்யா முனியசாமி, ஒண்ணுவிட்ட சித்தப்பா முனியசாமி, ஒண்ணுவிட்ட பெரியப்பாவும் முனியசாமி."

"ஊர்ல நாலு பேருக்கு இருக்கலாம். இணையத்துல ஒருத்தருக்குத்தான் கிடைக்கும். அதனாலதான் சீக்கிரம் பதிஞ்சு வைக்கணும்" என்றேன்.

சீக்கிரம் என்ற சொல்லைச் சொன்னவன் நான்தான் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

பரளச்சி ஜனங்கள் ஒரே பெயர்க் குழப்பத்தை எப்போதோ தீர்த்துவைத்துவிட்டார்கள். ஒருத்தர் வெல்டர் கருப்பு, ஒருத்தர் கிடா கருப்பு, ஒருத்தர் கண்டக்டர் கருப்பு. செலவில்லாமல் பதிவாகி, ஊர் முழுக்க வழங்கிவரும் பெயரை அவர் கையில் கொண்டுவந்து கொடுத்தார். நான் வேண்டாம் என்று தள்ளிவிட்டேன்.

முழுப் பெயருக்கு டாட் காம் காலியாக இருக்கிறதா என்று அவர் முன்னாலேயே பார்த்தேன். இருந்தது. அவர் போனதும் பதிந்திருக்கலாம். பத்து நிமிட வேலை. ஆனால் பதிவது எனக்கு வேலையாகவே தோன்றாது. டிசைன்தான் வேலை. உங்களுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

"போட்டாவும் சர்டிபிகேட்டும் தெரிஞ்சாப் போதும் சார்" என்றுதான் அவர் கேட்டார். அதற்கு ஒற்றைப் பக்கம் போதும். நானோ, தளம் திறக்கும்போது திரை இருட்டாக இருந்து, நடுவில் ஒரு புள்ளி ஒளிர்ந்து, அதிலிருந்து பொறி பறந்து, அந்த வெளிச்சத்தில் அவர் பெயர் தெரிவது போலக் கற்பனை செய்துகொண்டேன். அப்போதுதான் அந்த மாதிரி அனிமேஷனுக்கு ஒரு புதுக் கோடிங் முறை கற்றிருந்தேன். புதுச் செருப்பு வாங்கியவன் தேவையில்லாமல் பஸ் ஸ்டாண்டு வரை நடந்துவிட்டு வருவானே, அந்த மாதிரி.

முதல் வடிவத்தை அவர் போனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"பொறி மேல போகாது சார். இது என்ன, தீபாவளிப் பூச்சட்டி மாதிரி இருக்கு. கிரைண்டர் பிடிச்சா ஒரு பக்கமா வளைஞ்சு விழும்."

அவரே ஒரு வீடியோ எடுத்து அனுப்பினார். நான் வளைவைத் திருத்தினேன். பிறகு பொறி தரையில் பட்டுத் தெறிக்கிறதா, அணைந்துபோகிறதா என்று ஒரு கேள்வி வந்தது. அதில் மூன்று நாள் போயிற்று. இடையில் ஒருநாள் மறுபடி கூப்பிட்டார்.

"சார், பேரு பதிஞ்சாச்சுல்ல? பயோடேட்டா அடிக்கணும். கார்டும் அடிக்கக் குடுக்கணும்."

அந்த நேரம் என் கண் திரையில் இருந்தது. ஒரு பொறி நான் சொன்ன இடத்தில் விழாமல் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. "பதிஞ்சாச்சு" என்றேன்.

வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை. சாயங்காலம் பதிந்துவிட்டால் உண்மையாகிவிடும் என்ற நினைப்பில் சொன்னது. நம் தொழிலில் பொய்கள் பெரும்பாலும் இப்படித்தான், முன்தேதி போட்ட உண்மைகள்.

நான் இந்தத் தொழிலுக்கு வருமுன் விருதுநகரில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அங்கே முதலாளி ஒரு வழக்கம் வைத்திருந்தார். மை காயாத தாளைத் தன் விரலால் தொட்டுப் பார்க்காமல் யாரிடமும் 'அடிச்சாச்சு' என்று சொல்ல மாட்டார். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நின்று பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கத்தினாலும் சொல்ல மாட்டார். "மிஷின்ல இருக்கு", "மேசையில இருக்கு", "இன்னும் தொடவே இல்ல", எது உண்மையோ அதைச் சொல்லித் திட்டு வாங்கிக்கொள்வார். நான் ஆறு வருடம் அவர் பக்கத்து மேசையில் இருந்தேன். அவர் விரலில் மை இருக்கும். என் விரலில் இருந்ததில்லை.

பொறிகள் எல்லாம் ஒழுங்காக விழுந்து முடித்த அன்று, பெயரைப் பதிய உட்கார்ந்தேன். காலியில்லை என்று வந்தது. தட்டச்சில் தவறிவிட்டேன் என்று நினைத்து மறுபடி அடித்தேன். காலியில்லை. முகவரியைத் திறந்து பார்த்தேன். ஒரு பெரிய கிடா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. கீழே இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆடுகள், பக்ரீத்துக்கு முன்பதிவு செய்ய ஒரு போன் நம்பர், தலைப்பாகை கட்டிய ஒருவர் சிரிக்கும் படம். பெயரும் கருப்பசாமி. இனிஷியலும் அதே. ஊர் பரளச்சி.

அப்போது காலை பதினொரு மணி இருக்கும். வெல்டரின் விண்ணப்பம் மறுநாள்தான் போகிறது. ஒரு போன் செய்து, "தப்புப் பண்ணிட்டேன் கருப்பசாமி, பயோடேட்டாவுல அந்த ஒரு வரிய மாத்துங்க" என்று சொல்லியிருந்தால், அவர் இரண்டு வார்த்தை திட்டியிருப்பார், வேறு தாள் அடித்திருப்பார். ஜெராக்ஸ் கடை அடுத்த கட்டிடம். நான் போனைக் கையில் எடுத்தேன். பிறகு கீழே வைத்துவிட்டு, அதே பெயரை டாட் நெட் என்ற வாலோடு பதிந்து, பொறி பறக்கும் தளத்தை அங்கே ஏற்றினேன். யாராவது தேடினால் எப்படியும் இது கண்ணில் படும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொழில் தெரிந்தவன் தன்னை ஏமாற்றிக்கொள்ளத் தொழிலையே பயன்படுத்துவான்.

கம்பெனியின் மேலாளர் பயோடேட்டாவில் இருந்த முகவரியைத் திறந்திருக்கிறார். கிடாவைப் பார்த்திருக்கிறார். தாளே போலி என்று ஒதுக்கிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் இதை வெல்டரிடம் சொல்லிச் சிரித்தாராம். அதைக் கேட்டுவிட்டு அவர் நேராகக் கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"பேரு பதிஞ்சாச்சுன்னு சொன்னீகளே சார்?"

"பதிஞ்சுதான் வச்சிருந்தேன். எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டாகன்னா? யாரு?"

திரையை அவர் பக்கம் திருப்பினேன். தலைப்பாகைக்காரரின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவனா," என்றார். கோப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஆண்டே அவருக்கு நாற்பது ஆகிவிட்டது.

எனக்கு அது வரை தெரிந்தது அவ்வளவுதான். ஒரு வேலை போயிற்று, அதில் எனக்கும் பங்குண்டு. அந்தக் குற்ற உணர்ச்சியோடு வாழப் பழகிவிட்டேன். பாளையம்பட்டி வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் பட்டறை வருகிற பக்கம் உட்காராமல் பார்த்துக்கொண்டேன். அது ஒன்றுதான் நான் செய்த பிராயச்சித்தம்.

மூன்று வருடம் கழித்து ஒருநாள், நீங்கள் மூவரும் வேலைக்குச் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால், கடை வாசலில் தலைப்பாகை தெரிந்தது. ஆட்டு வியாபாரி கருப்பசாமி, கிடா கருப்பு, நேரில் வந்துவிட்டார். அவருக்குத் தளம் செய்துகொடுத்த மதுரைக்காரர் தொழிலை விட்டுவிட்டாராம். இனி நாம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்க வந்திருந்தார்.

"அப்பிடியே ஆடு கொஞ்சம் துள்ளுற மாதிரிப் போட்டுக் குடுங்க சார்."

"துள்ளல் எல்லாம் வேண்டாங்க. போன்ல தெறக்க நேரமாகும்."

"சந்தையில துள்ளாத ஆட்டுக்கு என்ன வெல சொல்ல முடியும்? சீக்குன்னுல்ல நெனப்பான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே தானாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"இந்தப் பேரால எனக்கு ஒரு மனக்கஷ்டம் சார். எம் பங்காளி ஒருத்தன், சித்தப்பா மகன், வெல்டரு. நான் அவன் பேரத் திருடிட்டேன்னு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு பேசுனான். பேசக் கூடாத பேச்செல்லாம். பேரு என்ன சார், தொழுவத்துல கட்டியிருக்கிற ஆடா, அவுத்துட்டுப் போறதுக்கு? ரெண்டு பேருக்கும் சாமி குடுத்த பேரு. அன்னையிலருந்து மூணு சிவராத்திரியா அவன் கோயிலுக்கே வாரதில்ல. பொங்கப்பானைய எங்க ரெண்டு வீடும் சேந்துதான் எறக்கணும். அவன் இல்லாம நான் ஒத்தையில எறக்குறேன்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். "இன்னொரு டீ சொல்லவா?" என்று கேட்டேன். அவர் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "படிச்சவுக நாலு வார்த்த கேட்டதே ஆறுதலா இருக்கு சார்" என்றார்.

நான் செய்தது ஒரு வேலையைக் கெடுத்ததோடு நிற்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த வாரம் முழுக்கப் பொறுத்துப் பார்த்தேன். பொறுக்க முடியவில்லை. டவுன் பஸ்ஸில் பட்டறை வருகிற பக்கமே உட்கார்ந்து, பாளையம்பட்டியில் இறங்கினேன்.

வெல்டர் ஒரு ஜன்னல் கிரில்லைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். பொறி வளைந்துதான் விழுந்தது. என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தி முகமூடியைத் தூக்கினார். நான் சுற்றி வளைக்கவில்லை. பதியவே இல்லை, பொறியோடு விளையாடிக்கொண்டிருந்தேன், பதிஞ்சாச்சு என்று சொன்னது பொய், கிடா கருப்பு எதையும் எடுக்கவில்லை, காலியாகக் கிடந்ததை வாங்கினார், எனக்குத் தெரிந்தும் திரையைத் திருப்பினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே இருந்தார். கழற்றி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"வேல போனது போகட்டும் சார். அது எனக்கும் உங்களுக்கும் உள்ளது. அவன் வாசல்ல நின்னு நான் என்ன பேசுனேன் தெரியுமா? அவுக அம்மா கேட்டுக்கிட்டு இருக்காக. எங்க பெரியம்மா. சின்னப் பிள்ளையில எனக்குச் சோறு போட்டவுக."

"நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க. செய்றேன்."

"எங்கிட்ட வந்து சொல்லி என்ன செய்ய? நான் அவன் வாசல்ல வச்சுப் பேசுனேன், ஊரே கேட்டுச்சு. நீங்க தனியா வந்து காதுல சொல்றீக. சிவராத்திரிக்கு மறுநா மத்தியானம் கோயில்ல கறிச்சோறு. பங்காளி எல்லாம் இருப்பாக. அங்க வந்து சொல்லுங்க. நானும் வாரேன்."

போனேன். வெயிலில் கருவேல மரங்களுக்கு நடுவே பந்தல் போட்டிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய முப்பது நாற்பது ஆண்கள், அடுப்பின் பக்கம் பெண்கள். கல்லூரியிலும் கூட்டங்களிலும் பலமுறை மேடையேறிப் பேசியிருக்கிறேன். அங்கே நின்றபோது முதல் வாக்கியம் வரவில்லை. பிறகு, "இவரு பேர அவரு எடுக்கல. நான் பதியாமலே பதிஞ்சேன்னு பொய் சொன்னேன்" என்று ஆரம்பித்துச் சொல்லி முடித்தேன். டாட் காம், டாட் நெட் எல்லாம் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

கிடா கருப்புதான் முதலில் வாய் திறந்தார். "அட, நீங்கதானா சார் அது? அன்னைக்கு உங்க கையப் பிடிச்சுல்ல அழுகாத கொறையா ஆறுதல் தேடிட்டு வந்தேன். டீ வேற வாங்கிக் குடுத்தீக."

கூட்டம் சிரித்தது. வெல்டர் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "ஏலே, நான் அன்னைக்கு வாசல்ல நின்னு..." என்று ஆரம்பித்தார்.

"ஈரலு வைக்கச் சொல்லவா, எலும்பு வைக்கச் சொல்லவா?" என்று கேட்டார் கிடா கருப்பு.

வெல்டர் பேச்சை நிறுத்திவிட்டார். அடுப்பின் பக்கம் போய்த் தன் பெரியம்மாவின் காலடியில் உட்கார்ந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்கிற தூரத்தில் நிற்கவும் எனக்கு உரிமை இல்லை.

எனக்கும் இலை போட்டார்கள். வெல்டர்தான் வந்து சொன்னார். "சாப்பிட்டுட்டுப் போங்க சார். பசியோட அனுப்புனா எங்களுக்குப் பாவம். ஆனா உங்க கடைக்கு இனிமே நான் வரமாட்டேன்."

புதுத் தளம் ஒன்று செய்து தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். பணம் கொடுத்து அந்த டாட் காம் பெயரையாவது வெல்டருக்கு வாங்கித் தரலாமா என்று கிடா கருப்பிடம் தனியாகக் கேட்டேன். "சாமி பேரக் கைமாத்துவாகளா சார்? ஆட்டத்தான் கைமாத்தலாம்" என்றார். அதோடு விட்டுவிட்டேன். நாற்பது வயது வரம்பை யாரிடம் போய்க் கேட்பது?

நாலைந்து மாதம் கழித்து வெல்டரிடமிருந்து போன் வந்தது. "அந்த வெல்டர் கருப்புங்கற பேரு இன்னுங் காலியா இருக்கா? இருந்தா நீங்க பொட்டியத் தூக்கிட்டு இங்க வாங்க. நான் கண்ணால பாக்கணும்."

மடிக்கணினியோடு பட்டறைக்குப் போனேன். பெயர் காலியாகத்தான் இருந்தது. அவர் மின்னஞ்சல், அவர் போன், அவர் பேங்க் கார்டு. பதிவுப் பொத்தானை அவரையே அழுத்தச் சொன்னேன். உறுதிச் செய்தி தன் போனுக்கு வந்த பிறகுதான் என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து எந்த வாடிக்கையாளரையும் நான் அப்படித்தான் அழுத்த வைத்தேன். உங்களையும் அப்படியே செய்யச் சொல்லி நச்சரிப்பதற்குக் காரணம் இதுதான். வயசான கோளாறு என்று நீங்கள் பேசிக்கொள்வது என் காதில் விழுந்தது.

தளத்தை ஒற்றைப் பக்கமாகச் செய்தேன். பெயர், செய்யும் வேலை, பத்துப் படம், சான்றிதழ்கள், போன் நம்பர். பரளச்சியில் போனில் ஒற்றைக் கோடு சிக்னல் இருக்கும்போதும் திறந்தது. அவர் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"அந்தப் பொறி பறக்குறது எங்க சார்?"

"அழிச்சுட்டேன்."

"நல்லாத்தான் இருந்துச்சு" என்று முகமூடியை இறக்கிக்கொண்டார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று முகமூடிக்குள் தெரியவில்லை.

பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் நம் கடைப் பெயரைப் போடுவோமே, வழக்கப்படி அதையும் போட்டிருந்தேன். தளத்தைத் திருத்துவது எப்படி என்று அவருக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுக் கடவுச்சொல்லை அவரையே மாற்றச் சொன்னேன். அது எனக்குத் தெரியாது. பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை. கடைக்கும் வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆள்.

போன வாரம் உங்கள் மூவரின் சண்டை காது கொடுத்துக் கேட்க முடியாமல் போனபோது, சும்மா அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். புதிதாக ஒரு கோயில் கதவின் படம் சேர்ந்திருந்தது. கீழே போனேன். நம் கடைப் பெயர் இல்லை. அது இருந்த இடத்தில், அதே சின்ன எழுத்தில், அவரே அடித்த ஒரு வரி இருந்தது.

'ஆடு வேணும்னு வந்தவுக இங்க அழுத்துங்க. அவன் எங்க அண்ணன்.'

அழுத்தினேன். கிடா வந்து நின்றது.